மூன்றாவது போர்ஷன்

அஷ்டமியன்று போய்ப் புது ஸ்கூட்டர் எடுத்தவன் நான். சக்கரத்துக்கு அடியில் வைக்கச் சொல்லி மனைவி கொடுத்த எலுமிச்சம்பழத்தை, வீணாய்ப் போக வேண்டாமே என்று ஜூஸ் போட்டுக் குடித்தவன். காட்டுப்பாக்கத்தில் எங்கள் தெருவில் யாரோ தூக்குப் போட்டுக்கொண்ட வீடு ஒன்று வாடகைக்கு ஆள் வராமல் கிடந்தபோது, பாதி வாடகை என்றால் நான் வருகிறேன் என்று கேட்டுப் போனவனும் நான்தான். அதனால் இதைச் சொல்லும்போது நீங்கள் எந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும், அதே முகத்தை நான் எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறேன். நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாவிட்டால் ஒரு வகையில் எனக்கு நிம்மதிதான்.

தொண்ணூறுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம், இப்போது அந்தக் கட்டிடத்தில் டைல்ஸ் விற்கிறார்கள். சுற்றிலும் லேத்துப் பட்டறையும் வார்ப்படக் கம்பெனியுமாக இரும்பு வாசனை அடிக்கும் தெருவில், எங்கள் மாடி மட்டும் ஏசி போட்டுக் குளுகுளுவென்று இருக்கும். உள்ளே ஒரே ஒரு பெரிய மிஷின். வெளிநாட்டில் எவனோ போதும் என்று கழித்துப் போட்டதை எங்கள் எம்.டி. கப்பலில் வரவழைத்திருந்தார். மூன்று பீரோவை ஒட்டி நிறுத்தி வைத்தது போல இருக்கும், அதற்குத் தனி அறை, அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, கண்ணாடித் தடுப்பு மட்டும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெரிய மனிதர்கள் பார்க்க வந்தால் அவர்களையும் ஷூவைக் கழற்ற வைப்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

மிஷின் ஒன்றுதான் என்றேன் இல்லையா, ஆனால் அதற்குள் ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. ஒரு மிஷினை நான்கு மிஷின் போலக் காட்டுவதுதான் அதன் வேலை. டெர்மினலுக்கு முன்னால் உட்காருகிறவருக்கு முழு மிஷினும் தனக்கே சொந்தம் என்றுதான் தோன்றும், பக்கத்தில் இன்னும் மூன்று பேர் அதே மிஷினில் குடித்தனம் நடத்துவது தெரியவே தெரியாது. ஒரு வீட்டை நாலு போர்ஷனாகத் தடுத்து வாடகைக்கு விடுகிறார்களே, அதுதான். அதனால் நாங்களும் போர்ஷன் என்றே சொல்லிக்கொண்டோம். இன்றைக்கு இதற்குப் பெரிய பெயரெல்லாம் வைத்து கோட்டு மாட்டிக்கொண்டு மேடையில் பேசுகிறார்கள். எனக்கு அப்போது ஆபீசில் பெயரே ‘ஹவுஸ் ஓனர்’தான்.

ஹவுஸ் ஓனரின் வேலை என்னவென்றால், எந்த போர்ஷனுக்கு மிஷினின் மெமரியில் எவ்வளவு இடம், அதன் நேரத்தில் எவ்வளவு பங்கு என்று பிரித்துக் கொடுப்பது. முதல் போர்ஷனில் ஒரு பெரிய தொழிற்சாலையின் சம்பளக் கணக்கு, அதைச் சந்திரன் என்ற ஆபரேட்டர் பார்த்துக்கொண்டான். இரண்டாவதில் ஒரு வார்ப்படக் கம்பெனியின் சரக்கு இருப்பு. மூன்றாவதில் எஸ்டேட்டில் இருந்த சின்னச் சின்னப் பட்டறைகளின் பில் வேலை, அது சுகுணாவுடையது. நான்காவது முரளியின் டீம், அவர்கள் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்குப் பழைய புரோகிராம்களில் தேதியைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் கவிழ்ந்துவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த காலம் அது.

இந்தத் தொழிலின் சூட்சுமம், இருப்பதைவிட அதிகமாக வாக்குக் கொடுப்பது. மொட்டை மாடித் தொட்டி ஒன்றுதான், ஆனால் நாலு குடித்தனமும் ஒரே நேரத்தில் குளிக்காது என்கிற தைரியம். காலையில் இரண்டாவது போர்ஷன் பரபரப்பாக இருக்கும், மதியம் ஓய்ந்துவிடும். சம்பளக் கணக்கு மாசக் கடைசியில் மட்டும் பேயாட்டம் ஆடும். முரளி டீமுக்கு மதியத்துக்கு மேல்தான் சூடு பிடிக்கும். யார் எப்போது தூங்குகிறார்கள் என்று பார்த்து, தூங்குகிறவனிடம் பிடுங்கி முழித்திருப்பவனுக்குக் கொடுக்க வேண்டும். இதில் நான் கெட்டிக்காரன். எம்.டி. என்னைக் காட்டி, புது மிஷின் வாங்கும் செலவை இவர் மிச்சப்படுத்தினார் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார், எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

ஆனால் உண்மையைச் சொல்லுகிறேன், யார் தூங்குகிறார்கள் என்று பார்த்து நான் பிடுங்கவில்லை. யார் கத்தமாட்டார்கள் என்று பார்த்துப் பிடுங்கினேன்.

முரளிக்கு ஒரு நிமிடம் மிஷின் மந்தமானால் போதும், கண்ணாடியைத் தட்டிக்கொண்டு வந்து நிற்பான். அங்கே வெளிநாட்டில் அவர்கள் தூங்கி எழுவதற்குள் அனுப்பியாக வேண்டும் என்பான், எம்.டி.யிடம் போவேன் என்பான். சந்திரன் கத்தமாட்டான், ஆனால் சம்பளம் தாமதமானால் ஆயிரம் பேர் கத்துவார்கள். சுகுணாவின் பட்டறைக்காரர்கள் சைக்கிளில் வந்து பில்லை வாங்கிப் போகிற ஆட்கள், இன்றைக்கு இல்லையென்றால் நாளைக்கு வருகிறோம் அக்கா என்று போய்விடுவார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்களே, சுகுணா அழாத பிள்ளை. அவள் பங்கில் எடுத்து எடுத்து நான்காவது போர்ஷனுக்கு ஊற்றினேன். நான் எடுப்பது அவளுக்கும் தெரியும். ‘பரவால்ல சார், என் வேல அப்புறமா ஓடட்டும்’ என்பாள். அதோடு நிற்கவில்லை, ஒரு போர்ஷன் தனக்கு வேண்டாத இடத்தைத் தானே விட்டுக்கொடுக்க ஒரு கட்டளை எழுதி வைத்திருந்தேன், அந்த போர்ஷனுக்கு உரியவர் பாஸ்வேர்டு போட்டுத் தட்டினால்தான் அது வேலை செய்யும், இல்லையென்றால் நான் தட்ட வேண்டும். நான் அங்குமிங்கும் ஓடி அல்லாடுவதைப் பார்த்தால், கேட்காமலேயே தட்டிக் கொடுத்துவிடுவாள். மற்ற மூன்று பேரில் ஒருவர்கூட அந்தக் கட்டளையை ஒரு தடவையும் பயன்படுத்தியதில்லை.

சுகுணா முத்தாபுதுப்பேட்டைப் பெண். அவள் அப்பா கழனி வேலை செய்தவர், இவள் டிப்ளமா படித்து அந்தக் குடும்பத்தில் முதல்முதலாக ஏசி அறையில் வேலைக்கு வந்தவள். புருஷன் தனசேகர் ஆவடியில் ஃபேக்டரி வேலை. அவளுக்குச் சின்ன வயதிலேயே ஏதோ காய்ச்சல் வந்து இதயத்தில் வால்வு பழுதாகியிருந்தது. அதற்காக மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், தவறவே கூடாது, தவறினால் அந்தக் காய்ச்சல் திரும்ப வந்து இருக்கிற வால்வையும் கெடுத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எஸ்டேட் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே டிஸ்பென்சரி. ஆனால் அந்த ஊசி சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விடுமாம், அதனால் டாக்டர் இருக்கும்போதுதான் போடுவார்கள், டாக்டர் நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார்.

இதையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளே வந்து சொன்னாள். தயங்கித் தயங்கி, கையில் இருந்த வளையலைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

“சார், மூணு வாரத்துக்கு ஒரு நாள்தான் சார். அன்னிக்கி மட்டும் மூணு மணிக்குள்ள என் வேலைய முடிச்சி உட்டீங்கன்னா, ஓடிப்போய் ஊசி போட்டுகினு வந்துருவேன்.”

அதற்கென்னம்மா, அன்றைக்கு உனக்குத்தான் முதல் பங்கு என்றேன். முதல் இரண்டு முறை அப்படியே செய்தேன். அவள் மூன்று மணிக்கு எழுந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கும்பிடு போட்டுவிட்டு ஓடுவாள், எனக்கே ஏதோ புண்ணியம் செய்தது போல இருக்கும்.

வேலையை ஓடவிட்டுவிட்டு அவள் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போக முடியாது. பிரிண்டரில் பேப்பர் சிக்கும், டேப் மாற்றச் சொல்லும், ஓடுகிற வேலையை விட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது என்பது சென்டரின் சட்டம். சட்டம் போட்டதும் நான்தான்.

அப்புறம் முரளியின் வேலை அதிகமானது. அவள் ஊசி நாளும் அவன் அனுப்பும் நாளும் ஒன்றாக வந்தன. நான் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து, கொஞ்ச நேரம் என்று விரலைக் காட்டுவேன். அவள் தலையாட்டுவாள். மூன்றரை ஆகும், நாலு ஆகும், அவள் வேலை ஒரு கட்டத்தில் நின்றுகொண்டே இருக்கும். ‘நாளைக்கி போட்டுக்கறேன் சார்’ என்பாள். மறுநாள் வேறு ஒரு அவசரம் வரும். அந்த வருஷத்தில் எத்தனை ஊசி தள்ளிப் போயிற்று, எத்தனை அடியோடு விட்டுப்போயிற்று என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. மெமரியை பைட் பைட்டாகக் கணக்குப் பார்த்தவன் இதைப் பார்க்கவில்லை.

ஆடி மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கால் வீங்கியிருந்தது, மாடிப்படி ஏறி வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லீவு போட்டுவிட்டுப் போ என்று நானே அனுப்பினேன், அதில் ஒரு பெருந்தன்மை வேறு எனக்கு. திரும்பி வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், ஒரு வாரத்துக்குள் முடிந்துவிட்டது.

நானும் சந்திரனும் முத்தாபுதுப்பேட்டைக்குப் போனோம். பந்தலில் தனசேகர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான், நாற்காலி போடச் சொன்னான், சொந்தக்காரர்களிடம் என்னைக் காட்டினான்.

“இவர்தான் கம்ப்யூட்டர் சாரு. ஊசி நாள்ல அவ வேலைய மொதல்ல முடிச்சி அனுப்பிருவாருன்னு சொல்லிகினே இருப்பா. இவரு மாதிரி ஆளு எங்க சார் கெடைப்பாங்க.”

அவள் வீட்டில் ஊசி போட்டுக்கொண்டதாகவே சொல்லியிருக்கிறாள். புருஷன் வந்து ஆபீசில் சண்டை போடுவான், எனக்குக் கெட்ட பெயர் வரும் என்று நினைத்தாளோ என்னவோ. அந்தக் கூட்டத்தில் நான் வாயைத் திறந்து, இல்லையப்பா, அப்படியில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் கொடுத்த காபியை வாங்கிக் குடித்தேன்.

இதுவரைக்கும் இதில் அமானுஷ்யம் ஒன்றுமில்லை. ஒரு மனுஷனின் அயோக்கியத்தனம், அவ்வளவுதான். இனிமேல்தான் நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள்.

அவள் போன பிறகு மூன்றாவது போர்ஷனை எடுத்துவிட்டேன். பட்டறை பில்களைச் சந்திரன் போர்ஷனோடு சேர்த்தேன், அவள் இடத்தை முரளிக்குக் கொடுத்தேன். எடுத்துவிட்டேன் என்றால் சும்மா மூடி வைக்கவில்லை, மிஷினின் பட்டியலிலிருந்தே அழித்துவிட்டேன். அப்படி ஒரு போர்ஷன் இருந்த சுவடே அதற்குத் தெரியாது. அவள் டெர்மினலின் கேபிளையும் பிடுங்கி ஓரமாகச் சுற்றி வைத்தாயிற்று, நாற்காலியை முரளி டீம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

தீபாவளிக்கு முந்தின வாரம். போனஸ் கணக்கு சந்திரன் போர்ஷனில் ஓடிக்கொண்டிருந்தது, அன்று சாயங்காலம் தொழிற்சாலையிலிருந்து வேன் வந்து வாங்கிப் போக வேண்டும். வார்ப்படக் கம்பெனிக்கு ஆடிட் என்று இரண்டாவது போர்ஷனும் மதியம் முழித்துக்கொண்டது. முரளிக்குப் பெரிய டெலிவரி. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன், மணி இரண்டு இருக்கும், வெளியே சுட்டெரிக்கிற வெயில். எல்லாக் குடித்தனமும் ஒரே நேரத்தில் குளிக்க வந்துவிட்டது. நான் வாக்குக் கொடுத்தது மிஷினில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு.

அந்த மாதிரி நேரத்தில் மிஷின் என்ன செய்யும் என்றால், மெமரியில் இடமில்லாமல் ஒருத்தன் சாமானைத் தூக்கி டிஸ்கில் போட்டுவிட்டு இன்னொருத்தன் சாமானை எடுத்து வரும், உடனே அதைப் போட்டுவிட்டு முதலாவதை எடுக்கப் போகும். தூக்கிப் போடுவதும் எடுத்து வருவதுமே வேலையாகி, உண்மையான வேலை அப்படியே நின்றுவிடும். டிஸ்க் கடகடவென்று அடித்துக்கொண்டது. முரளி கண்ணாடியைத் தட்டினான். எம்.டி. வந்து நின்றார். நிறுத்தித் திரும்ப ஓட்டினால் போனஸ் கணக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டும், அன்றைக்கு ஆயிரம் குடும்பத்துக்குத் தீபாவளி இல்லை. என் வேலையும் இல்லை. எந்தப் பக்கம் பிடுங்கினாலும் இன்னொரு பக்கம் கவிழும். மூன்று பேரும் கத்துகிறவர்கள். சுகுணா இருந்திருந்தால் என்று நினைத்தேன். மனதுக்குள் அப்படித்தான் நினைத்தேன், மறைக்கவில்லை. அவள் இறந்துபோனதற்காக வருத்தப்பட்டு நினைக்கவில்லை, பிடுங்குவதற்கு ஆளில்லையே என்று நினைத்தேன்.

சந்திரன் கன்சோல் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்த போர்ஷன் எவ்வளவு எடுத்திருக்கிறது என்று அதில் வரிசையாகக் காட்டும்.

“சார், மூணாவது போர்ஷன திரும்பப் போட்டீங்களா?” என்றான். “வந்துகீது பாருங்க.”

குனிந்து பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நடுவில் மூன்று. பக்கத்தில் ஓர் அளவு. ஆரம்பத்தில் நான் அவளுக்குக் கொடுத்திருந்தேனே, எதையும் பிடுங்காத காலத்தில், அந்த முழு அளவு.

மிஷினில் அவ்வளவு இடம் கிடையாது. முதலில் அதைப் புரிந்துகொள்ளுங்கள். மற்ற மூன்றையும் கூட்டினாலே நிரம்பி வழிகிறது, அதற்கு மேல் இது எங்கே உட்கார்ந்திருக்கிறது? ஸ்கிரீன் பொய் சொல்கிறது என்றுதான் நினைத்தேன், வேறென்ன நினைப்பேன். அப்போது அந்த அளவு குறைந்தது. கொஞ்சம் குறைந்து நின்றது. முதல் போர்ஷனில் அவ்வளவு ஏறியது. மறுபடி குறைந்தது, இரண்டாவதில் ஏறியது. சாஃப்ட்வேர் தானாகச் செய்தால் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இது அப்படியில்லை. ஒவ்வொரு தடவைக்கும் நடுவில், ஒருவர் உட்கார்ந்து கட்டளையைத் தட்டி முடிக்கிற நேரம் இருந்தது. விட்டுக்கொடுக்கிற அந்தக் கட்டளை. நான் தட்டவில்லை, என் இரண்டு கையும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தன. சந்திரன் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

ஒரு போர்ஷன் உயிரோடு இருக்க இவ்வளவாவது வேண்டும் என்று ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு, அதற்குக் கீழே விட்டுக்கொடுக்க மிஷினே விடாது. அது அதையும் தாண்டிக் கீழே போயிற்று. பூஜ்யம் வரைக்கும் போய், அந்த வரி மறைந்தது.

டிஸ்க் சத்தம் அடங்கிவிட்டது. போனஸ் கணக்கு பிரிண்டரில் வர ஆரம்பித்தது. எம்.டி. உள்ளே வந்து, செருப்போடு வந்தார் அன்றைக்கு, என் தோளைத் தட்டி, இந்த மனுஷன் இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலையில்லை என்றார். நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். சுற்றி வைத்த கேபிள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் இல்லை. யாராவது தெரிந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மூன்றாவது போர்ஷன் பட்டியலில் இருக்கிறதா என்று அன்றைக்கே தேடினேன். இல்லை. வந்ததற்குப் பதிவு எதுவும் இல்லை, போனதற்கும் இல்லை. சந்திரன் மறுநாள் பக்கத்து ஊரான பாடியில் ஒரு கோயிலுக்குப் போய்விட்டு வந்து என் நெற்றியிலும் திருநீறு பூசினான், நான் துடைக்கவில்லை. இதைப் பற்றி அவன் பேசவே இல்லை, தை மாதம் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டான்.

நான் இன்னொன்று செய்தேன், இது யாருக்கும் தெரியாது. விடுமுறை நாள் ஒன்றில் மதியம் தனியாக ஆபீசுக்குப் போனேன். மூன்றாவது போர்ஷனைப் புதிதாக உருவாக்கினேன். மிஷினில் பாதியை அதற்குக் கொடுத்தேன், முதல் உரிமையும் அதற்கே என்று போட்டேன். எந்த டெர்மினலும் அதோடு இணைக்கவில்லை. கன்சோல் முன்னால் உட்கார்ந்து, உனக்குத்தான் முதல் பங்கு என்று சொன்னேனே, இந்தா என்று வாய்விட்டே சொன்னேன். ஆளில்லாத அறையில் நான் அப்படிப் பேசியதை நீங்கள் பார்த்திருந்தால் கீழ்ப்பாக்கத்துக்கு வண்டி பிடித்திருப்பீர்கள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அளவு குறைய ஆரம்பித்தது. யாரும் வேலை செய்யாத நாள், மற்ற போர்ஷன்களெல்லாம் சும்மா கிடக்கின்றன, அவற்றுக்கு ஒன்றும் தேவையில்லை. ஆனாலும் இது கொடுக்கிறது. நான் திரும்ப மூன்றாவதுக்கு எடுத்துக் கொடுத்தேன். அது திரும்பக் கொடுத்தது. பந்தியில் கடைசி லட்டுவை நீங்க எடுத்துக்கோங்க, நீங்க எடுத்துக்கோங்க என்று தள்ளிக்கொண்டிருப்பார்களே, அப்படி வெகு நேரம். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேண்டாம்மா, வைத்துக்கொள் என்று கெஞ்சினேன். பூஜ்யம் வந்ததும் வரி மறைந்தது. அப்போது தற்செயலாக நிமிர்ந்து மணியைப் பார்த்தேன். நாலு ஆக இன்னும் நிறைய நேரம் இருந்தது, அவள் ஊசிக்குக் கிளம்பியிருக்கலாம்.

பேய் என்றால் பழிவாங்கும் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம். அந்த மிஷினை வெடிக்க வைத்திருந்தால், என் ஸ்கூட்டரை வானகரத்தில் லாரிக்கு அடியில் தள்ளியிருந்தால், சரி, கணக்குத் தீர்ந்தது என்று இருந்திருப்பேன். அவள் ஒன்றுமே செய்யவில்லை. உயிரோடு இருந்தபோது நான் என்ன பழக்கி வைத்தேனோ அதையேதான் செய்கிறாள். அது அவள் சுபாவமா, நான் போட்ட விலங்கா என்று எனக்குப் புரியவில்லை.

தனசேகரை அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இன்னா சார், சௌக்கியமா என்று சிரித்துக்கொண்டே வந்து கையைப் பிடித்தான். அன்றைக்கும் சொல்லவில்லை. என் பஸ் வந்துவிட்டது என்று, வேறு எங்கேயோ போகிற பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

நான் இப்போதும் இதே தொழிலில்தான் இருக்கிறேன். அந்த மிஷின் காயலான் கடைக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இப்போது மிஷின்கள் எந்த ஊரில் இருக்கின்றன என்றுகூட எனக்குத் தெரியாது, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில் போர்ஷன்கள். கம்பெனி மூன்று தடவை மாறிவிட்டேன். ஆனால் ஒன்று மட்டும் எங்கே போனாலும் நடக்கிறது. நான் பிரித்துக் கொடுக்கிற கணக்கு தப்பி, எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தி, எந்தப் பக்கமும் எடுக்க முடியாமல் நான் திணறுகிற மதியம் ஒன்று வந்தால், எங்கிருந்தோ கொஞ்சம் இடம் வந்து நிற்கும். யார் பெயரிலும் இருக்காது. எவ்வளவு குறைகிறதோ சரியாக அவ்வளவு. கூட வேலை செய்கிற பையன்கள் சாஃப்ட்வேரில் ஏதோ பிசகு சார் என்கிறார்கள். நானும் ஆமாம் என்கிறேன்.

எடுக்காமல் விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். விட்டுவிடலாம். வேண்டாம்மா, நீ போ என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு ஒரு நாள் மிஷின் கவிழட்டும், என் பெயர் கெடட்டும் என்று இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் அடுத்த முறை அப்படித்தான் செய்யப்போகிறேன் என்று நினைத்துக்கொள்கிறேன், சத்தியமாக நினைக்கிறேன். ஆனால் நாலு பேர் ஒரே நேரத்தில் போனில் கத்தும்போது கை தானாகப் போய்விடுகிறது.

போன செவ்வாய்க்கிழமைகூட எடுத்தேன்.